அது கிடக்கட்டும், கண்டுக்காதே

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ குடும்பச் சண்டைன்னு நினைச்சு உள்ளே வந்தவங்க ஓடிடாதீங்க. இது பொட்டி தட்டுற சமாச்சாரம்தான். ஆனா பாதிக்கு மேல ஆசுபத்திரி வரும், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு வரும், தமிழ்த்தாய் வாழ்த்து கூட வரும். தங்கமணிகிட்ட படிச்சுக் காட்டி, "புரியுது, ஆனா ஏன் இவ்ளோ நீளம்?"ங்கிற சர்ட்டிபிகேட் வாங்கின பிறகுதான் போடறேன்.

முதல்ல வெர்ஷன் கண்ட்ரோல்னா என்னன்னு ஒரு பத்தி. தெரிஞ்சவங்க தாவிக்கலாம்.

வீட்டுல கல்யாணம். யாரையெல்லாம் அழைக்கணுங்கிற பட்டியல் பெரியப்பா நோட்டுல இருக்கு. ஆளுக்கொரு ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுப் போறோம். அத்தை தன் ஜெராக்ஸ்ல நாலு பேரைச் சேர்க்கறாங்க, சித்தப்பா ரெண்டு பேரை அடிக்கறார். ஞாயித்துக்கிழமை எல்லாரும் கூடி, அவங்கவங்க மாத்தினதைப் பெரியப்பா நோட்டுல ஏத்தறாங்க. யார் என்னிக்கு யார் பேரை அடிச்சாங்கன்னு பெரியப்பா தேதி போட்டுக் குறிச்சு வைக்கிறார் (பின்னாடி சண்டை வரும்போது தேவைப்படும் :-)). அடிச்ச பேரும் பழைய பக்கத்துல அப்படியே இருக்கும், எப்ப வேணா திருப்பிப் பார்த்துக்கலாம். பெரியப்பா நோட்டுதான் ரெப்பாசிட்டரி. நம்ம கையில இருக்கிற ஜெராக்ஸ், வொர்க்கிங் காப்பி. ஏத்தறது கமிட். புதுசா ஏறினதை நம்ம ஜெராக்ஸ்ல வாங்கிக்கறது அப்டேட். அவ்வளவுதான், நாங்க வாங்கற சம்பளத்துல பாதி இதுக்குத்தான்.

இப்போ சிக்கல். என் ஜெராக்ஸ்ல மட்டும் ஓரத்துல சில குறிப்பு இருக்கு. 'இவர் மத்தியானம் தூங்குவார், நாலு மணிக்கு மேல போ', 'இவருக்கு முந்நூறு ரூவா பாக்கி, கண்ணுல படாதே'. இது பெரியப்பா நோட்டுக்குப் போகக் கூடாது. புதுப் பிரதி வாங்கும்போது அழியவும் கூடாது. ஒவ்வொரு ஞாயிறும் "உன் பேப்பர்ல ஏதோ மாறியிருக்கே, ஏத்தவா?"ன்னு பெரியப்பா கேட்டுத் தொலைக்கவும் கூடாது. மென்பொருள்ல இதுக்குச் சமமானது, என் பொட்டியில டேட்டாபேஸ் எங்க இருக்குன்னு சொல்ற ஃபைல், என் பாஸ்வேர்டு, என் போர்ட் நம்பர். எல்லார்கிட்டயும் அந்த ஃபைல் இருந்தாகணும், ஆனா ஆளாளுக்கு வேற மாதிரி இருந்தாகணும்.

அழிக்கறதுலயும் இதே கதை உண்டு. எனக்குத் தேவையில்லாத ஒரு பெரிய ஃபோல்டர், இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. என் பொட்டியில மட்டும் தூக்கிட்டேன். அடுத்த தடவை கமிட் பண்ணப் போனா, "இதைக் காணோமே, நோட்டுலயும் அடிச்சிடவா?"ன்னு கேக்கும். ஐயோ வேண்டாம், இங்க மட்டும்தான்.

இதுக்கு எந்தப் பொட்டிதட்டியைக் கேட்டாலும் டக்குன்னு வர்ற பதில், 'இக்னோர் லிஸ்ட்ல போடு'. ஆகாது. சப்வெர்ஷனோ கிட்டோ, இக்னோர் பட்டியல்ங்கிறது நோட்டுல இன்னும் பேரே ஏறாத ஃபைலுக்குத்தான். ஒரு தடவை ஏறிட்டா அப்புறம் நீங்க இக்னோர்ல போட்டாலும் அது அதை இக்னோர் பண்ணும் :-)

2008-ல நான் திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல ஆணி பிடுங்கிக்கிட்டிருந்தேன். கழக்கூட்டம் பக்கத்துல, 1990-ல ஆரம்பிச்சது, இந்தியாவோட முதல் டெக்னாலஜி பார்க். அங்க கட்டிடங்களுக்கு ஆத்துப் பேரு வச்சிருப்பாங்க. பம்பா, பெரியாறு, நிளா, பவானி, தேஜஸ்வினின்னு. நமக்குச் சொந்த ஊர் ஈரோடு பக்கம் பவானி. வேலைக்குப் போய்ச் சேர்ந்த கட்டிடமும் பவானி! வீட்டுக்குப் போன் பண்ணி "பவானில இருந்து பேசறேன்"னு சொன்னா, அம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்த கதையெல்லாம் உண்டு. அந்த ஆறே அப்படித்தான். நீலகிரியில பொறந்து, கேரளாவுக்குள்ள போய் அட்டப்பாடியைச் சுத்திட்டு, திரும்ப நம்ம பக்கம் வந்து எங்க ஊர் கூடுதுறையில காவிரியோட சேரும்.

எங்க ஆபீஸ்ல அப்போ சப்வெர்ஷன். கிட் 2005-லயே வந்தாச்சு, ஆனா எங்க டேமேஜர் வரைக்கும் வந்து சேரலை. விண்டோஸ் எக்ஸ்பி பொட்டி, அதுல டார்ட்டாய்ஸ் எஸ்.வி.என். ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு நம்மூர்ல சொல்லுவாங்க. எங்க ஆபீஸ்ல எல்லாப் பொட்டியிலயும் ஆமை புகுந்திருந்தது. மாத்தாத ஃபைலுக்குப் பச்சை டிக், மாத்தின ஃபைலுக்குச் சிவப்பு ஆச்சரியக்குறி. காலையில வந்து ஃபோல்டரைத் திறந்தா நெத்தியில குங்குமம் மாதிரி அந்தச் சிவப்பு. ஃபைலைச் சும்மா அழிச்சாலும் நிம்மதி கிடையாது. அடுத்த அப்டேட்ல, 'இது தொலைஞ்சு போச்சு போல, பாவம்'னு அதுவே திரும்பக் கொண்டாந்து வச்சிடும்.

அந்த வருஷம்தான் சப்வெர்ஷன் 1.5 வந்தது. அதுல சேஞ்ச்லிஸ்ட்டுன்னு ஒண்ணு. ஆமை அதை வச்சு ஒரு தனிப் பட்டியல் கொடுத்தது, பேரே 'இக்னோர்-ஆன்-கமிட்'. அதுல போட்ட ஃபைல், கமிட் சன்னல்ல கடைசியில தனியா, டிக் இல்லாம உக்காந்திருக்கும். நாம வேணும்னு டிக் போட்டாதான் போகும். எங்களுக்கெல்லாம் பெரிய விடுதலை. எல்லாரும் கான்ஃபிக் ஃபைலைத் தூக்கி அதுல போட்டோம்.

ஒருத்தங்க மட்டும் வேற ஒண்ணைப் போட்டாங்க.

அவங்களை நாங்க சாலை அக்கான்னு கூப்பிடுவோம். சாலைக் கடைத்தெருவுல மளிகை வியாபாரம் பண்ணின குடும்பம், மூணு தலைமுறைக்கு முன்னாடி திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து வந்தவங்க. கிழக்கேகோட்டையில இறங்கி சாலைக்குள்ள நடந்தா, தமிழ்ல விலை கேட்டு தமிழ்லயே பேரம் பேசி வாங்கிட்டு வரலாம். கரமனை, வலியசாலைன்னு இன்னும் பல இடத்துல தமிழ்க் குடும்பங்கள் உண்டு. மொழிவாரியா 1956-ல பிரிச்சப்போ கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தது, இவங்க அந்தப் பக்கமே இருந்துட்டாங்க. அக்கா படிச்சதெல்லாம் மலையாளம். தமிழ் நல்லாப் பேசுவாங்க, கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பாங்க, எழுதறது கொஞ்சம் தகராறு.

நாங்க செஞ்சுக்கிட்டிருந்தது நகரத்துல ஒரு ஆசுபத்திரிக்கு நோயாளிகளைப் பதிவு பண்ற மென்பொருள். திருவனந்தபுரம் ஆசுபத்திரிகளுக்குத் தமிழ்நாட்டுல இருந்து எவ்வளவு பேர் வருவாங்கன்னு அங்க இருந்தவங்களுக்குத் தெரியும். புற்றுநோய்னா, இருதயம்னா, தலையில ஆபரேஷன்னா, நாகர்கோவில் தொடங்கி திருநெல்வேலி, தென்காசி வரைக்கும் விடிகாலை ரயிலைப் பிடிச்சு வந்து வரிசையில நிப்பாங்க. நாகர்கோவில்காரங்க சமாளிச்சுக்குவாங்க, மலையாளம் பாதி அவங்களுக்கு வீட்டுப் பாஷை. தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்து ஆளுங்கதான் முழிப்பாங்க. கவுண்டர்ல 'பனி உண்டோ?'ன்னு கேப்பாங்க. காய்ச்சல் இருக்கான்னு அர்த்தம். 'மார்கழி மாசம், பனி இல்லாம இருக்குமா'ன்னு நம்ம பாட்டி பதில் சொல்லும். 'அவதி'ன்னு சொன்னா லீவு. டாக்டர் இன்னிக்கு அவதின்னு கேட்டுட்டு, அவருக்கே உடம்பு சரியில்லையான்னு விசாரிச்சவங்க உண்டு.

அக்கா வீட்டுல வாரம் ஒரு சொந்தக்காரர் தங்கியிருப்பாங்க, மெடிக்கல் காலேஜுக்கோ எங்கயோ காட்ட வந்தவங்க. கூடப் போய் மொழிபெயர்க்கறது அக்காவோட சனிக்கிழமை வேலை. எந்த இடத்துல நம்ம ஆளுங்க தடுக்கி விழறாங்கன்னு அவங்களுக்கு அங்குலம் அங்குலமாத் தெரியும்.

எங்க மென்பொருள்ல சீட்டுலயும் திரையிலயும் வர்ற வாசகங்களுக்கு மொழிக்கொரு ஃபைல். ஆங்கிலம், மலையாளம், அப்புறம் தமிழுக்கும் ஒண்ணு, ஆரம்பத்துல யாரோ சும்மா போட்டு வச்சது, உள்ளே ரெண்டே வரி. தமிழ் வேணுமா வேண்டாமான்னு பேச்சுவார்த்தை இழுத்து, கடைசியில 'ஸ்கோப்ல இல்லை'ன்னு முடிஞ்சது. அக்கா ஒண்ணும் சொல்லலை. அந்தத் தமிழ் ஃபைலை இக்னோர்-ஆன்-கமிட்ல போட்டுட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல தினம் நாலு வரி எழுத ஆரம்பிச்சாங்க.

அந்தக் காலத்துல அது லேசுப்பட்ட வேலை இல்லை. எக்ஸ்பி சிடியைத் தேடி எடுத்து இந்திய மொழி ஆதரவை நிறுவணும். இ-கலப்பை போட்டு அடிக்கணும். அதுக்கு மேல ஜாவா ஒரு அழிச்சாட்டியம் பண்ணும். அதோட ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலுக்குத் தமிழ் எழுத்து ஆகாது. ஒவ்வொரு எழுத்தையும் யூனிகோட் எண்ணா மாத்திக் கொடுக்கணும். 'தமிழ்'னு எழுதினா ஒரு பின்சாய்வுக்கோடு, ஒரு யூ, நாலு இலக்கம், திரும்பச் சாய்வுக்கோடுன்னு ரயில் மாதிரி போகும். (2017-ல ஜாவா 9 வந்தப்புறம்தான் இந்தத் தொல்லை தீர்ந்தது.) அந்த ஃபைலை யார் திறந்து பார்த்தாலும் குப்பை மாதிரிதான் இருக்கும். தமிழ் தெரிஞ்ச எனக்கே அப்படித்தான் இருந்தது.

மாத்தறதுக்கு முந்தி, படிக்கிற மாதிரி இருக்கும்போதே, எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி எனக்கு மெயில்ல அனுப்புவாங்க. நான் பள்ளிக்கூடத் தமிழ்ல திருத்துவேன். அதுக்கு மறுநாள் திட்டு விழும். கேரளா ஆசுபத்திரியில நோயாளிகூட தங்கறவங்களை ஆங்கிலத்துல 'பைஸ்டாண்டர்'னுதான் எழுதுவாங்க. மலையாளத்துல கூட்டிரிப்புகாரர். நான் ரொம்ப யோசிச்சு 'உடனிருப்பவர்'னு போட்டேன்.

"தம்பி, இது எங்க சித்திக்குப் புரியாதாக்கும். அவ காலேஜுக்குப் போகலை, ஆசுபத்திரிக்கு வந்திருக்கா. கூட இருக்கிறவங்கன்னு போடு."

'வெறும் வயிற்றில் வரவும்'னு நான் எழுதினதையும் அக்கா ஒத்துக்கலை. அப்படி எழுதினா ஒரு டீ குடிச்சுட்டு வந்திடுவாங்களாம். டீயை யாரும் சாப்பாட்டுக் கணக்குல சேர்க்கறதில்லை. 'ஒண்ணும் சாப்பிடாம, டீ கூடக் குடிக்காம வாங்க'ன்னு மாத்தினாங்க. ஒரு டீயால ரத்தப் பரிசோதனை தள்ளிப் போச்சுன்னா தென்காசியில இருந்து வந்தவங்களுக்கு இன்னொரு நாள், இன்னொரு ராத்திரி பிளாட்பாரம். அப்படி இருநூறு வரிக்கு மேல.

நடுவுல ஒருநாள் எங்க லீட் ரெப்பாசிட்டரியைச் சுத்தம் பண்ணினார். யாரும் பயன்படுத்தாத ஃபைல் எல்லாம் போச்சு, அந்த ரெண்டு வரித் தமிழ் ஃபைலும் சேர்த்து. அவர் மேல குத்தமில்லை, அவர் பார்த்த நோட்டுல அது காலி. அக்கா அப்டேட் பண்ணினப்போ சப்வெர்ஷன் ஒரு நல்ல காரியம் செஞ்சது. நோட்டுல அழிச்சாச்சு, ஆனா இங்க இவங்க மாத்தி வச்சிருக்காங்களேன்னு அக்கா பொட்டியில இருந்த ஃபைலைத் தொடாம விட்டுட்டது. பேருக்கு முன்னாடி ஒரு கேள்விக்குறி மட்டும். இனிமே இது நம்ம கணக்குல இல்லைன்னு அர்த்தம். (அடுத்த வருஷம் வந்த 1.6-ல இதை மோதல்னு நிறுத்தி, என்ன செய்யணும்னு கேக்க ஆரம்பிச்சது. அப்போ அதுகூடக் கிடையாது.) அக்கா அதைப் பெரிசா எடுத்துக்கலை. ஃபைல் இருக்கில்ல, போதும்.

சில மாசத்துல அவங்க வீட்டுக்காரருக்கு மஸ்கட்ல வேலை கிடைச்சு, அக்கா ராஜினாமா கொடுத்தாங்க. ரிலீவிங் அன்னிக்குப் பிரியாணி. மறுநாள் அட்மின் பசங்க வந்து அந்தப் பொட்டியைத் துடைச்சு, எக்ஸ்பி புதுசாப் போட்டு, அடுத்த பையனுக்குக் கொடுத்துட்டாங்க. எல்லா ஆபீஸ்லயும் செய்யறதுதான். கமிட் ஆன வேலையெல்லாம் சர்வர்ல பத்திரமா இருக்குங்கிற தைரியம்.

பத்து மாசம் கழிச்சு ஆசுபத்திரியில இருந்தே கேட்டாங்க, தமிழ் சீக்கிரம் வேணும்னு. கவுண்டர்ல இருந்த பொண்ணுங்க பொறுக்க மாட்டாம, யாரையோ பிடிச்சுத் தமிழ்ல கையால எழுதி ஜெராக்ஸ் போட்டு ஒட்டியிருந்தாங்களாம். லீட் அழிச்ச ஃபைலை ஒரே நிமிஷத்துல மீட்டாச்சு. பெரியப்பா நோட்டுல அடிச்சது எதுவும் நிஜமா அழியறதில்லையே. திறந்து பார்த்தா, ரெண்டு வரி. நோட்டுல அழிச்சது அப்படியே கிடைச்சது. அழியக் கூடாதுன்னு ஓரமா வச்சிருந்தது கிடைக்கலை.

என் மெயில் பெட்டியைக் குடைஞ்சதுல நூத்திச் சொச்சம் வரி தேறுச்சு, திருத்தறதுக்கு முந்தின வடிவத்துல. மஸ்கட்டுக்கு எழுதிக் கேட்டோம். அக்காகிட்டயும் பிரதி இல்லை. ஆபீஸ் வேலையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்களே. ஞாபகத்துல இருந்ததைப் போன்ல சொன்னாங்க. மீதியை நானும் நாகர்கோவில் பையன் ஒருத்தனும் உக்காந்து எழுதினோம். வேலை முடிஞ்சது. ஆனா அக்கா எழுதினது மாதிரி இல்லை. எந்த வரி மாதிரி இல்லைன்னு கேட்டா சொல்லத் தெரியாது. மூலம் இருந்தாத்தானே ஒப்பிட?

இத்தனை வருஷம் கழிச்சு இதெல்லாம் கிளறக் காரணம், எங்க அக்கா பொண்ணு. (சொந்த அக்கா. சாலை அக்கா இல்லை.) அவ இப்போ அதே டெக்னோபார்க்ல ஆணி பிடுங்கறா. எனக்கு ராத்திரி பதினோரு மணி, அவளுக்குக் காலையில எட்டரை. போன்.

"மாமா, ஒரு சந்தேகமுங்க. இந்த ஒரு ஃபைலை மட்டும் கண்டுக்காதேன்னு கிட்டுகிட்ட சொல்ல முடியாதுங்களா?"

முடியும்னு இணையத்துல ஆயிரம் பேர் சொல்லுவாங்க. அவ டீம்லயே மூணு பேர் மூணு விதமாச் சொல்லியிருக்காங்க. அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். கட்டளைப் பேரையெல்லாம் தமிழ்லயே எழுதியிருக்கேன், பொட்டியில தட்டும்போது ஆங்கிலத்துல தட்டிக்கோங்க.

முதல் ஆள் சொன்னது, 'கிட் ஆர்எம், கூட கேஷ்ட்'. உன் பொட்டியில ஃபைல் இருக்கும், கிட் கண்டுக்காது, அப்புறம் இக்னோர்ல போட்டுக்கோன்னு. பாதி உண்மை. நோட்டுல அது 'அழிக்கப்பட்டது'ன்னுதான் ஏறும். அதை கமிட் பண்ணித் தள்ளிவிட்டா, மத்தவங்க புல் பண்ணும்போது அந்த ஃபைலை மாத்தாம வச்சிருந்த ஒவ்வொருத்தர் பொட்டியில இருந்தும் அது காணாமப் போகும். எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிச் செஞ்சா நல்லது. ஒருத்தர் தன் வசதிக்குச் செஞ்சா திங்கக்கிழமை காலையில கொலை விழும்.

ரெண்டாவது, 'அப்டேட்-இண்டெக்ஸ்' கட்டளையில 'அஸ்யூம்-அன்சேஞ்ச்ட்'. மாறலைன்னு வச்சுக்கோ. பேரைக் கேட்டா நமக்காகவே செஞ்ச மாதிரி இருக்கும். நிஜத்துல இது நாம கிட்டுக்குக் கொடுக்கற வாக்கு. ஃபைல் மாறியிருக்கான்னு பார்க்கவே நேரம் பிடிக்கிற மெதுவான டிஸ்க்குகளுக்காக, 'இந்த ஃபைலை நான் தொடமாட்டேன், நீ போய்ப் பார்க்காதே'ன்னு சொல்றது. வாட்ச்மேன்கிட்ட 'அந்த ரூம் பூட்டித்தான் இருக்கு'ன்னு சொல்லிட்டு, நாம உள்ளே உக்காந்து சீட்டாடற மாதிரி. அவர் வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டுப் போனா அவரைக் குறை சொல்ல முடியாது.

மூணாவது 'ஸ்கிப்-வொர்க்ட்ரீ'. ரெண்டுல இது கொஞ்சம் தேவலாம், அதனாலதான் பலரும் இதைச் சிபாரிசு பண்றாங்க. ஆனா இதுவும் வேற வேலைக்குச் செஞ்சது. பெரிய ரெப்பாசிட்டரியில எனக்கு வேண்டிய பகுதியை மட்டும் என் பொட்டியில வச்சுக்கற ஸ்பார்ஸ் செக்அவுட்டுக்காக. நோட்டுல இருக்கட்டும், என் ஜெராக்ஸ்ல அந்தப் பக்கம் வேண்டாம். 2020 ஜனவரியில வந்த கிட் 2.25-ல இருந்து இதுக்குத் தனிக் கட்டளையே இருக்கு. இங்க மட்டும் அழிக்கணுங்கிறவங்களுக்கு அதுதான் சரியான வழி.

அக்கா பொண்ணுக்கு இதைத் தமிழ்த்தாய் வாழ்த்தை வச்சுத்தான் விளக்கினேன். அவ தினம் ஆபீஸ் போற ஊருலதான் அதை எழுதினவர் வாழ்ந்தார். சுந்தரம் பிள்ளை அங்க மகாராஜா கல்லூரியில, இப்போதைய யுனிவர்சிட்டி காலேஜ்ல, தத்துவப் பேராசிரியர். வீடு பேரூர்க்கடைப் பக்கம். மனோன்மணீயம் நாடகம் 1891-ல வந்தது. அதோட தொடக்கத்துல வர்ற வாழ்த்தைத் தமிழ்நாடு அரசு 1970-ல எடுத்துக்கிட்டப்போ முழுசா எடுக்கலை. பரம்பொருளைப் பத்தின வரியும், கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு இதெல்லாம் வர்ற வரியும், வடமொழியைப் பத்தின வரியும் விட்டுட்டாங்க. நாம பள்ளிக்கூடத்துல பாடினது, 2021-ல மாநிலப் பாடல்னு அறிவிச்சது, எல்லாம் அந்த வடிவம்தான். சரியா தப்பாங்கிற சண்டை தனி. நான் சொல்ல வந்தது, நாடகப் புத்தகத்துல யாரும் கை வைக்கலை. வரி அத்தனையும் அங்க இருக்கு. மேடைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. அதுதான் ஸ்பார்ஸ் செக்அவுட். மலையாள தேசத்துல உக்காந்து ஒருத்தர் எழுதினதுல மலையாளம் வர்ற வரி மட்டும் எல்லைக்கு இந்தப் பக்கம் செக்அவுட் ஆகலைங்கிறது அக்கா பொண்ணுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, அன்னிக்கே கேன்டீன்ல சொல்லிக் காட்டியிருக்கா.

அழிக்கறதுக்குச் சரி. ஆனா மாத்தி வச்ச ஃபைலுக்கு ஸ்கிப்-வொர்க்ட்ரீயைப் போட்டா ஒருநாள் வெடிக்கும். அதே ஃபைலை யாராவது நோட்டுல மாத்துவாங்க. புல் பண்ணினா, 'உன் மாத்தம் அழிஞ்சிடும்'னு கிட் நின்னுடும். சரின்னு ஸ்டேட்டஸ் கேட்டா, ஒண்ணும் மாறலைங்கும். ஸ்டாஷ்ல தள்ளி வைன்னா, தள்ள ஒண்ணுமில்லைங்கும். வீட்டுல கோவத்தைக் காட்டாம 'ஒண்ணுமில்லை'ன்னு சொல்ற மாதிரி (தங்கமணி, இது பொதுவாச் சொன்னது). 'நோ-ஸ்கிப்-வொர்க்ட்ரீ' போட்டு வெளியில கொண்டு வரணும்னு ஞாபகம் இருக்கறவங்க பிழைச்சாங்க.

கிட்டோட சொந்தக் கேள்வி-பதில் பக்கத்துலயே இதுக்கு வழியில்லைன்னு நேராப் போட்டு உடைச்சிருக்காங்க. காரணமும் சொல்லியிருக்காங்க. ஒரு ஃபைலை மேலெழுத வேண்டி வரும்போது, நீங்க அதுல செஞ்சு வச்சிருக்கிற மாத்தம் விலைமதிப்பானதா, தூக்கிப் போடற குப்பையான்னு கிட்டுக்குத் தெரியாது. தெரியாததால பத்திரமா வச்சுக்கற பக்கமே அது நிக்கும். அதைப் படிச்சப்போ எனக்குப் பின்சாய்வுக்கோடும் எண்ணுமாத் தெரிஞ்ச அந்த ஃபைல்தான் கண்ணுல வந்தது.

கான்ஃபிக் ஃபைலுக்கு அவங்க சொல்றதும், நான் அக்கா பொண்ணுக்குச் சொன்னதும் ஒண்ணுதான். நோட்டுல மாதிரி ஃபைலை மட்டும் வை, பேரு கடைசியில 'சாம்பிள்'னு. ஆளாளுக்கு அதை நகலெடுத்து, நிஜப் பேர்ல வச்சு, பாஸ்வேர்டு போட்டுக்கட்டும். அந்த நிஜப் பேரை இக்னோர் பட்டியல்ல சேர். அது நோட்டுல ஏறவே ஏறாததால, இக்னோர் ஒழுங்கா வேலை செய்யும். உனக்கு மட்டும் இருக்கிற சில்லறை ஃபைல்களை டீம் பட்டியல்ல போட்டு மானத்தை வாங்காம, உன் கிட் ஃபோல்டருக்குள்ள 'இன்ஃபோ', அதுக்குள்ள 'எக்ஸ்க்ளூட்'ல போட்டுக்கோ.

ஆனா மாத்தினது பாஸ்வேர்டு இல்லை, வேலைன்னா? யாரும் கேக்காத வேலை, ஸ்கோப்ல இல்லாத வேலைன்னா? அதுக்கு இக்னோரே கூடாதுங்கிறது என் கட்சி. கிளை பிரிச்சு கமிட் பண்ணி சர்வர்ல தள்ளி வச்சிடணும். சாலை அக்கா காலத்துல சப்வெர்ஷன்ல கிளைன்னா சர்வர்லதான் பிரிக்கணும், எல்லார் கண்ணுலயும் படும், எங்க ஆபீஸ்ல அதுக்கு லீட் அனுமதி வேற. இப்போ கிட்ல கிளை பிரிக்க ஒரு நொடி, யாரையும் கேக்க வேண்டியதில்லை.

கடைசியா அவகிட்ட ஒரு கட்டளை தட்டிப் பார்க்கச் சொன்னேன். 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்', கூட ஒரு கோடு போட்டு சின்ன 'வி'. எல்லா ஃபைலுக்கும் முன்னாடி ஓர் எழுத்து வரும். பெரிய 'எச்'னா சாதாரணம். சின்ன 'எச்'னா யாரோ அஸ்யூம்-அன்சேஞ்ச்ட் போட்டது. 'எஸ்'னா ஸ்கிப்-வொர்க்ட்ரீ. அவளுக்கு ஆபீஸ்ல கொடுத்திருந்தது போன மாசம் வேலையை விட்டுப் போன ஒருத்தரோட மடிக்கணினி, துடைக்காம, அவர் வொர்க்கிங் காப்பியோட அப்படியே.

மூணு சின்ன எச் இருந்தது. ரெண்டுல போர்ட் நம்பர், அதைத் தூக்கியாச்சு. மூணாவதுல நாப்பது வரி மாறியிருக்கு, யாருக்கும் என்னன்னு தெரியலை. அதை ஒரு கிளையில ஏத்தி வச்சுட்டு, அந்த ஆளுக்கு மெயில் போட்டிருக்கா. இன்னும் பதில் வரலை.